கொழுந்தனுக்குள் ஒருவரும் இல்லை

தெமோதரைக்கு மேலே, தேயிலை செத்துப்போய் மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு மலைச்சரிவில், மாகாண மகிழ்ச்சி அதிகார சபை 'தேயிலை உலகம்' என்ற களியாட்டப் பூங்காவைக் கட்டியது. மகிழ்ச்சிக்கென்று ஓர் அதிகார சபை இருப்பதே அதுவரை பலருக்குத் தெரியாது. பதுளைப் பக்கத்து மக்கள் அனுமதி எதுவும் பெறாமல், தாங்களாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவில் சுழலும் தேநீர்க் கோப்பைகள் இருந்தன. கொழுந்துக் கூடைகள் தொங்கும் பெரிய இராட்டினம் இருந்தது. பேய்வீடு கட்டப் பணம் போதாமல், அங்கேயே நின்ற, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றுக்கு விளக்கு மட்டும் போட்டுத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதற்குள் போய்ப் பயந்து வெளியே ஓடிவந்தார்கள். தோட்டத்து ஆட்கள் போய், "நம்மளுதவிட கூரை நல்லாத்தான் இருக்கு" என்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே பூங்காவின் சின்னம் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஆள் புகுந்து நடக்கக்கூடிய பச்சை நிறப் பஞ்சு உடுப்பு. மொட்டுத்தான் தலை. அதில் தட்டளவு இரண்டு கண்களும், காதுவரை நீண்ட சிரிப்பும். இதற்குப் பெயர் வைக்கக் கொழும்பில் ஒரு குழு கூடியது. கொழுந்து என்பதை ஆணாக்கினால் கொழுந்தன் என்று வரும் எனக் குழு கண்டுபிடித்தது. புருஷனின் தம்பியையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதைப் பூங்கா திறந்த அன்று, வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபோதுதான் முகாமையாளர் சிவஞானம் அறிந்தார்.

"எங்கடை பக்கம் மச்சான் எண்டுதான் சொல்லுறது," என்றார் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். "இனி மாத்தேலாது. பெயர் சபையிலை நிறைவேறிப்போச்சு."

அம்மாவுக்குக் கொழுந்தன் என்றால் தங்களுக்கு என்ன முறை என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். கொழுந்தன் வெளியே வந்தால் போதும், "சித்தப்பா, சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொள்வார்கள்.

அந்தச் சித்தப்பாவுக்குள் இருந்தவள் ஆர்த்திகா.

ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பெண். உயர்தரம் படித்தவள். கொழுந்து பறிக்கக் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்காமல் உத்தியோகம் ஒன்று பார்க்கவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். மகள் யதுஷா பிறந்து கொஞ்ச நாளில் இந்த வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். 'மகிழ்ச்சி உதவியாளர், தரம் மூன்று' என்று பதவிப் பெயர் இருந்தது. ஆறு மாதம் போனால் நிரந்தரம். வந்தவர்களில் உடுப்புக்குள் மடங்காமல் புகமுடிந்தது அவளுக்கு மட்டும்தான் என்பதால் தெரிவாகிவிட்டாள்.

முதல் நாள் சிவஞானம் பயிற்சி கொடுத்தார். வெளிநாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்.

"இஞ்ச பாரும் பிள்ளை. அங்கை நான் கற்ற பெரிய பாடம் ஒண்டுதான். கொழுந்தனுக்குள் ஒருவரும் இல்லை. ஆரும் கேட்டாலும் இல்லை. ஜனாதிபதி வந்து கேட்டாலும் இல்லை. உள்ளுக்கை ஆள் இருக்கு எண்டு ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சால், அந்தப் பிள்ளையின்ரை மகிழ்ச்சி போச்சு. நாங்கள் மகிழ்ச்சி அதிகார சபை. விளங்குதோ?"

"விளங்குதுங்க சேர்."

"அதாலை கதைக்கக்கூடாது, தும்மக்கூடாது. இன்னொண்டு, உள்ளுக்கை இருக்கேக்கை சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும்."

"உள்ளுக்க சிரிச்சா யாருக்குங்க சேர் தெரியும்?"

"உள்ளுக்கைதான் ஒருத்தரும் இல்லையே," என்றார். "பிறகென்ன கேள்வி."

உள்ளே காற்று வராது. மொட்டின் வாயில் ஒரு வலைத்துணி இருந்தது. அதன் வழியாகத்தான் உலகம், அதுவும் பச்சையாக. கால்மணி நேரத்தில் முதுகில் வியர்வை ஓடத் தொடங்கும். ஜிப் முதுகுப்பக்கம் இருந்ததால் தானாகத் திறக்க முடியாது. பூங்காவின் உடுப்பு அறையில் வேலை செய்த கலாராணி வந்து இழுத்து விடவேண்டும். மத்தியானம் 'கொழுந்தன் தூங்குகிறான், சத்தம் போடாதீர்கள்' என்று பலகை தொங்கும். அந்த நேரம் ஆர்த்திகாவின் புருஷன் கிஷாந்தன் பிள்ளையைத் திரீவீலில் பின்வாசலுக்குக் கொண்டுவருவான். யதுஷா போத்தலை நாக்காலேயே தள்ளிவிடுகிற பிள்ளை. தேநீர்க் கோப்பைகளுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் உட்கார்ந்து ஆர்த்திகா பால் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு நாள். மற்றதெல்லாம் சித்தப்பாவின் நாள்.

நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கையில் பூங்காவின் ஆண்டு விழா வந்தது. சபையின் தவிசாளர் வருகிறார் என்று கோப்பைகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்தார்கள். சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. காலையிலிருந்து ஆடிக் களைத்து, மத்தியானம் உடுப்பு அறைக்கு வந்து ஆர்த்திகா முதுகைக் காட்டினாள். கலாராணி இழுத்தாள். அசையவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள்.

"ஐயையோ ஆர்த்தி, கையோட வந்துருச்சு."

"என்னாக்கா வந்துருச்சு?"

"ஜிப்போட புடி."

பின்வாசலில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. ஆர்த்திகாவுக்கு நெஞ்சு ஏற்கெனவே பால் கட்டிக் கல்லாகியிருந்தது. அழுகையைக் கேட்டதும் வலி தோள்வரை ஏறியது.

"கத்தரிக்கோல எடுத்து வெட்டி விடுங்கக்கா. புள்ள அழுவுது."

கலாராணி களஞ்சியத்துக்கு ஓடினாள். களஞ்சியப் பொறுப்பாளர் ரஜீவ் நியாயமான மனிதர். பூங்காவில் இருப்பது ஒரேயொரு கத்தரிக்கோல் என்றும், அது தவிசாளர் நாடா வெட்டுவதற்காகச் சிவப்பு வெல்வெட் தட்டில் வைக்கப்பட்டுவிட்டது என்றும், தவிசாளர் வெட்டுமுன் வேறெதையும் வெட்டினால் அது திறப்புவிழா செய்யப்பட்ட கத்தரிக்கோலாகிவிடும் என்றும் விளக்கினார். அதோடு, உடுப்பு சபையின் சொத்து. சொத்தை வெட்ட அவருக்கு அதிகாரமில்லை. சிவஞானத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சேர், ஆர்த்திகா உள்ளுக்க மாட்டிக்கிச்சு," என்றாள் கலாராணி. "ஜிப்பு பிஞ்சிருச்சு."

"எதுக்கை ஆர்?"

"கொழுந்தனுக்குள்ளங்க சேர்."

"கொழுந்தனுக்குள் ஒருவரும் இல்லை." கோபமே இல்லாமல், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரைப்போலச் சொன்னார்.

"சேர், நான்தான் உள்ளுக்க இருக்கேன்," என்றது மொட்டு. "புள்ளைக்குப் பால் குடுக்கணுங்க. பசி தாங்காது."

சிவஞானம் சுற்றிலும் பார்த்தார். கதவைச் சாத்தினார். மொட்டின் வாய்க்கு அருகே குனிந்து மெதுவாகப் பேசினார். "நீர் கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை. கேட்டால் நான் நடவடிக்கை எடுக்கவேணும். எடுத்தால் உம்மடை நிரந்தரம் போயிடும். அதாலை கேக்கேல்லை. இது உமக்கு நான் செய்யிற உதவி."

"வெட்டி விடுங்க சேர். கால்ல விழுறேன்." விழவும் பார்த்தாள். உடுப்பு மடங்கவில்லை.

"சபைச் சொத்தை வெட்டிறதெண்டால் மூண்டு பேர் கூடித் தீர்மானிக்கவேணும். நான் ஒராள். ரஜீவ் ஒராள். மூண்டாவது ஆள் போன மாசம் பென்சனிலை போயிட்டார். அந்த இடத்துக்கு ஆளைப் போடச்சொல்லி நான் கேட்டிருக்கிறன்." கதவைத் திறந்துகொண்டே, "இண்டைக்கு கொழுந்தன் நித்திரை கொள்ளத் தேவையில்லை. சனம் நிறைய. வெளியிலை போகச் சொல்லும்," என்று கலாராணியிடம் சொன்னார்.

பின்வாசலில் காவலாளி கிஷாந்தனை உள்ளே விடவில்லை. ஊழியரின் குடும்பம் மத்தியான நேரம் மட்டும் வரலாம். இன்று மத்தியானம் ரத்து. முன்வாசலால் வந்தால் யாரும் வரலாம். கிஷாந்தன் அலறும் பிள்ளையோடு மலையைச் சுற்றி ஓடி முன்வாசலால் வந்தான். கொழுந்தன் நின்ற இடத்துக்கு நேரே போனான். அங்கே கயிறு கட்டி, இன்னொரு காவலாளி நின்றார்.

"வரிசையில வாங்க அண்ணே. எல்லாரும் கொழுந்தனோட படம் புடிக்கத்தான் நிக்கிறாங்க."

"அது என் பொஞ்சாதிங்க!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் மகனின் காதைப் பொத்தினாள்.

இப்படியாகத் தன் மனைவியைப் பார்க்கக் கிஷாந்தன் வரிசையில் நின்றான். முன்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது. பிள்ளை அழுது அழுது குரல் கம்மியது. வலைத்துணி வழியாக ஆர்த்திகா அவர்களைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு குழந்தையையும் கட்டியணைத்தாள், கையை ஆட்டினாள், குதித்தாள். கண்ணீரைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனால் கை பஞ்சு மொட்டில் முட்டியது. "பாருங்க, சித்தப்பா வெக்கப்படுறாரு!" என்று கூட்டம் சிரித்தது.

முறை வந்தது. யதுஷா அந்தப் பச்சைப் பூதத்தைக் கண்டு வீறிட்டாள். "பாப்பா, இங்க பாருங்க, சிரிங்க," என்றார் படம் எடுப்பவர்.

"யது," என்றாள் ஆர்த்திகா உள்ளிருந்து. "யதுக்குட்டி, அம்மா இருக்கேன்டா."

பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது. அம்மாவின் குரல் எங்கிருந்து வருகிறது என்று இடமும் வலமும் தேடியது. பிறகு பஞ்சின்மேல் முகத்தை வைத்து, வாயைத் திறந்து, துணியைச் சப்பத் தொடங்கியது.

"என்னங்க, எங்கயாவது கத்தி வாங்கிட்டு வாங்க," என்றாள் ஆர்த்திகா. கிஷாந்தன் ஜிப்பில் நகத்தை மாட்டி இழுத்தான். அதற்குள் காவலாளி அவன் தோளில் கைவைத்தார். "போதும் அண்ணே, பின்னுக்கு ஆள் நிக்குது. சின்னத்தத் தொட்டுப் பழுதாக்க வேணாம்."

அந்தப் படம் பூங்கா வாசலில் விற்பனைக்கு மாட்டப்பட்டது. ஓர் ஆள் அழுகிறான், ஒரு குழந்தை துணியைச் சப்புகிறது, நடுவில் கொழுந்தன் காதுவரை சிரிக்கிறான்.

பிள்ளையின் குரல் கேட்டால் தாயின் உடம்பு சும்மா இருக்குமா? கொழுந்தனின் நெஞ்சில் இரண்டு ஈர வட்டங்கள் தோன்றி மெல்லப் பெரிதாயின. முதலில் ரஜீவ்தான் கண்டார்.

"சேர், கொழுந்தன் ஒழுகுது."

தவிசாளரின் வாகனங்கள் கீழே வளைவில் வந்துகொண்டிருந்தன. சிவஞானம் குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டார். அவர் குறடும் கையுமாக ஓடிவந்து ஈரத்தைப் பார்த்தார். வலைத்துணிக்குள் இரண்டு கண்கள் இருப்பதைப் பார்த்தார். வீட்டில் நாலு பிள்ளை பெற்றவர். தலையைக் குனிந்துகொண்டு, "இது என்னோட வேல இல்லைங்க சேர். வெட்கக்கேடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அறிக்கையில் எழுதத்தக்கதாக எதையும் அவர் சொல்லவில்லை என்று சிவஞானத்துக்கு வருத்தம். பெரிய செவ்வந்தி மாலை ஒன்றைக் கொண்டுவரச்செய்து, கொழுந்தனின் கழுத்தில் போட்டு ஈரத்தை மறைத்தார்.

மேடையில் கொழுந்தனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வெல்வெட் தட்டை ஏந்தி நிற்பது. தட்டில் கத்தரிக்கோல் இருந்தது. அவளை வெளியே விடக்கூடிய ஒரே சாமான் அவளுடைய கையிலேயே இருந்தது. இலை வடிவக் கைகளுக்கு விரல் இல்லை.

தவிசாளர் பேசினார்.

"பெருமக்களே! உலகத்திலேயே தொழிலாளி இல்லாத தொழிலிடம் எது? இதுதான்! இங்கே யாரும் வேலை செய்வதில்லை. எல்லோரும் மகிழ்கிறார்கள். வேலை செய்பவர்களைக் கண்டால் வருபவர்களின் மகிழ்ச்சி குறைகிறது என்று ஓர் ஆய்வு நடத்திக் கண்டோம். உடனே நடவடிக்கை எடுத்தோம். வேலையை நிறுத்தவில்லை, காண்பதை நிறுத்தினோம்!"

கைதட்டல்.

"இதோ என் அருமைக் கொழுந்தன்! இவன் களைப்பானா? களைக்க மாட்டான். பசி என்பானா? என்னமாட்டான். லீவு கேட்பானா, சங்கத்தில் சேர்வானா? காலையிலிருந்து நிற்கிறான், முகத்திலே சிரிப்பு மாறியதா பாருங்கள்! இப்படி ஆயிரம் பேரை எனக்குத் தாருங்கள், ஊவா மாகாணத்தையே நான் மாற்றிக் காட்டுகிறேன்!"

முன்வரிசை தட்டியதால் பின்வரிசையும் தட்டியது. ஆர்த்திகாவுக்குக் காதில் இரைச்சல் கேட்டது. தட்டோடு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தாள். இங்கேயே விழுந்தால்கூட, விழுந்தது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் அவளை முதல்முறையாகப் பயமுறுத்தியது.

தவிசாளர் நாடாவை வெட்டிக் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். கூட்டத்தின் கடைசியிலிருந்து கம்மிய அழுகை ஒன்று கேட்டது. ஆர்த்திகா தட்டோடு மேடையைவிட்டு இறங்கினாள்.

"நில்லும்," என்றார் சிவஞானம் பல்லைக் கடித்தபடி. இலையை ஆளைப்போல 'நீர்' என்று அழைப்பது தவறென்று உடனே உணர்ந்தார். "கொழுந்தன், நில்!"

கொழுந்தன் நிற்கவில்லை. தடுக்கிக்கொண்டு, நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டு நடந்தது. சிவஞானம் காவலாளியைப் பார்த்து, "பிடியும்!" என்றார்.

"யாரங்க சேர் புடிக்கணும்?"

சிவஞானம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

பெரகலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில்தான் கிஷாந்தன் பிள்ளையோடு நின்றான். அவர்களில் ஜெயலெட்சுமி என்ற பருத்த பெண், தள்ளாடி வந்த கொழுந்தனைத் தாங்கிப் பிடித்தாள். மாலை விலகியது. ஈரத்தைக் கண்டாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"அடி பாவிகளா, உள்ளுக்க ஒரு பச்ச ஒடம்புக்காரி நிக்கிறா!"

யாரையும் அவள் கேட்கவில்லை. தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக வெட்டினாள். உள்ளிருந்து சூடு, பானையைத் திறந்ததுபோல எழும்பியது. பெண்கள் முந்தானைகளை விரித்து வட்டமாகச் சுற்றி நின்றார்கள். கிஷாந்தன் பிள்ளையை நீட்டினான். வட்டத்துக்குள் அழுகை நின்றது.

"அங்கே என்ன நடக்கிறது?" என்று தவிசாளர் மேடையிலிருந்து கேட்டார்.

"மலையகப் பண்பாட்டு நிகழ்ச்சி சேர்," என்றார் சிவஞானம். தவிசாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். காலியான இடத்துக்கு மூன்றாவது ஆளை அதற்குள் போட்டுவிட்டார்கள். சொத்து ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டதால் நியமனம் விரைவாக நடந்தது. ஆர்த்திகா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து யதுஷா அவளை விட்டு இறங்குவதில்லை. தூக்கத்திலும் ஒரு கையால் தாயின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

மூவரும் உடுப்பை மேசையில் பரப்பி ஆராய்ந்திருந்தார்கள். உள்ளே ஆள் இருந்ததாக ஒப்புக்கொண்டால் அந்த ஆளை ஏன் வெளியே விடவில்லை என்ற கேள்வி வரும். எனவே ஒருவரும் இல்லை என்று முடிவாகியிருந்தது. உள்ளே இல்லாதவர் வேறெங்கும் கடமையில் இருக்கவுமில்லை. ஆகவே ஆர்த்திகா அன்று வேலைக்கே வரவில்லை.

"இதிலை கையெழுத்து வையும் பிள்ளை," என்றார் சிவஞானம். குரலில் உண்மையான கருணை இருந்தது. "ஒருநாள் வராத குற்றம் மட்டுந்தான். நான் கதைச்சுச் சமாளிச்சிட்டன். உம்மடை நிரந்தரத்துக்கு ஒரு பிழையும் வராது."

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்த்திகாவின் கை தன்பாட்டில் பேனாவை எடுத்தது. மாதாமாதம் சம்பளம், ஓய்வூதியம், 'எங்க வீட்டுப் புள்ள ஒப்பிசில வேல செய்யுது' என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது எல்லாம் நினைவுக்கு வந்தன.

"அதோடை ஒரு நல்ல செய்தி," என்று சிவஞானம் ஒரு வர்ணப் புத்தகத்தை விரித்தார். "புது உடுப்பு வருது. ஜிப்பாலைதானே இவ்வளவு பிரச்சினையும்? இதிலை ஜிப்பே இல்லை!"

ரஜீவும் மூன்றாவது ஆளும் பெருமையோடு தலையசைத்தார்கள். ஆர்த்திகா படத்தைப் பார்த்தாள். மழமழவென்று, தையல் ஒன்றுகூட இல்லாமல், அழகாகத்தான் இருந்தது.

"இதுக்குள்ள இருந்து எப்புடிங்க சேர் வெளிய வர்றது?"

சிவஞானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். "அதைப்பற்றி இதிலை ஒண்டும் போடேல்லை," என்றார். பிறகு உற்சாகமாக, "ஆனா உள்ளுக்கை போறது நல்ல லேசாம்," என்றார்.

ஆர்த்திகா பேனாவை மேசையில் வைத்தாள். பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கை போறீர்? கையெழுத்து?"

"இன்னிக்கும் நான் வரலன்னே எழுதிக்குங்க சேர்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கிஷாந்தன் திரீவீலை வாசல்வரை கொண்டுவந்தான். "என்னா சொன்னாங்க?"

"ஹாலிஎலையில தையல் கடைக்கு ஆள் கேட்டாங்கன்னு சொன்னீங்கள்ல, அங்க விடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். நல்ல உத்தியோகம் ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மழைக்காகக் கிஷாந்தன் பக்கத் திரையை இழுத்துவிடப் போனபோது, "அது கெடக்கட்டும்," என்று தடுத்துவிட்டாள். சாரல் அவள் முகத்திலும் பிள்ளையின் முகத்திலும் அடித்தது.